பல்குச்சி அத்தான்

என் அக்கா வீட்டுக்காரரின் சட்டைப் பையில் பேனா இருக்காது. பல் குத்தும் குச்சிதான் இருக்கும், சின்னப் பிளாஸ்டிக் டப்பா நிறைய. பல் குத்துவதற்கு அல்ல, டிம் சம்மைக் குத்துவதற்கு.

டிம் சம் சாப்பிடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிசாகத் தேய்த்த மாவுக்குள் இறாலோ காளானோ கீரையோ வைத்து, ஓரத்தைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மூடி, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும். ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஊரே அப்படித்தான் சாப்பிடுகிறது. எங்கள் அத்தான் மட்டும் குச்சியை எடுத்து, ஒவ்வொன்றின் வயிற்றையும் கிழித்து, விளக்குப் பக்கம் சாய்த்து உள்ளே பார்த்து, முகர்ந்து, அதற்கப்புறம்தான் வாயில் வைப்பார். அதற்குள் சாறெல்லாம் தட்டில் ஓடி, மாவு ஆறி விறைத்துப் போயிருக்கும். போஸ்ட்மார்ட்டம் முடிந்த டிம் சம்மைத்தான் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பல்குச்சி அத்தான் என்பது நான் வைத்த பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டார். "சிரி, நல்லா சிரி. ஒரு நாள் உள்ள ஏதாவது கெடைக்கும், அன்னிக்குத் தெரியும்" என்பார். இத்தனை வருஷத்தில் உள்ளே இறாலைத் தவிர வேறெதுவும் கிடைத்ததில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை அப்படி. ஹோட்டல்களில் குளிர் அறை, பெரிய ஃப்ரீசர் எல்லாம் பழுதானால் சரிசெய்கிற கம்பெனியில் மெக்கானிக். நாமெல்லாம் ஹோட்டலுக்கு முன்வாசல் வழியாகப் போகிறோம். மேஜை விரிப்பு, மீன் தொட்டி, சிரித்த முகம். அவர் போவது பின்சந்து வழியாக. குப்பைத் தொட்டி, வழுக்கும் தரை, எப்போதோ வாங்கிய மீன். 'கையால் செய்தது' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கும் கடையின் ஃப்ரீசரில், ஃபேக்டரியிலிருந்து பை பையாக வந்த டிம் சம் கல்லாக உறைந்து கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டில் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் கொஞ்சமாவது மறதி வேண்டும். அத்தானுக்கு அது கிடையாது.

இந்த ஊரில் டிம் சம் கடைக்குப் பஞ்சமில்லை, நல்ல கடைக்குத்தான் பஞ்சம். எங்கே போகலாம் என்று முதலில் அவரோடு வேலை பார்க்கும் வேன் டிரைவர் கேட்டார். அப்புறம் அபார்ட்மென்ட்காரர்கள், அப்புறம் சொந்தக்காரர்கள். கடைசியில் போனில் இதற்கென்றே ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். யாராவது ஒரு கடையின் பேரைப் போடுவார்கள், அத்தான் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்று போடுவார். 'போகலாம்' வருவது அத்தி பூத்தாற்போல. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து ஈ காக்கா அந்தப் பக்கம் போகாது. அவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்லி, அந்தக் கூட்டாளிகள் வேறு யாருக்கோ சொல்லி, கடைக்காரருக்கு ஏன் என்றே தெரியாமல் நாற்காலி காலியாகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல கடை தேடிப் புறப்படுவோம். அத்தான், அக்கா, நான், என் சின்னப் பெண். என் வீட்டுக்காரர் புத்திசாலி, தூக்கமே போதும் என்று இருந்துவிடுவார். கடை வாசலில் இறங்கியதும் நாங்கள் உள்ளே போவோம், அத்தான் பின்சந்துக்குப் போவார். அங்கே ஃபேக்டரி அட்டைப்பெட்டி கிடந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பட்டினி. கிடக்கவில்லை என்றாலும் விடமாட்டார். டாய்லெட் எங்கே என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் வழி தவறி நுழைவார். பரிமாறுகிறவர்கள் தங்கள் கடைச் சாப்பாட்டையே சாப்பிடுகிறார்களா, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். கடைக்காரர் அதிகமாகச் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். ஒரு பஸ் கம்பெனிக்கு வரும் புகார் போன்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவதுதான் என் பிழைப்பு. வாரம் முழுக்க அடுத்தவர் குறையைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

அக்காவுக்கு டிம் சம் என்றால் உயிர். கூடை வந்ததும் முகமே மாறிவிடும். ஆனால் அவள் கை கூடைக்குப் போவதற்குள் "இரு, இரு, பாத்துடலாம்" என்று அத்தான் அவள் பங்கையும் சேர்த்துக் குத்துவார். கை பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் ஆறிப்போனதை எடுத்துத் தின்பாள். ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் இதே கூத்துதான். தட்டைப் போட்டதும் "எண்ணெய் மாத்தினியா?" என்பார். "இது இன்னிக்கு வச்சதா, நேத்து வச்சதா?" "ஏன் நெறம் கம்மியா இருக்கு?" குரலை உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார், சும்மா கேட்பார். பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோவார். அக்காவும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள். கல்யாணமான புதிதில் விளக்கமாகச் சொன்னாள், போகப் போக ஒரு வார்த்தையில் சொன்னாள். நல்ல மனிதர்தான். எனக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மருந்து டப்பாவையும் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மருந்து டப்பாவைப் பார்த்த அதே கண்ணால்தான் பெண்டாட்டி போட்ட சோற்றையும் பார்த்தார்.

பச்சைக் கதவுக் கடை விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான் வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு நாள் அக்காவும் நானும் மட்டும் அங்கே போனோம். சின்னக் கடை, வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கதவு. மூலை மேஜையில் முதலாளியம்மா தானே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் துணிக்கட்டு. மடிக்கிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டதாம். அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்கற? வந்து உக்காந்து மடிச்சுத்தான் பாரேன்" என்றார் முதலாளியம்மா, விளையாட்டாக.

அக்கா உட்கார்ந்தாள். அவள் பிறவியிலேயே இடதுகைக்காரி. சின்ன வயதில் அடித்து அடித்து எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஊசி கோக்க, பட்டன் தைக்க, எதையாவது நுணுக்கமாக மடிக்க வேண்டுமென்றால் அந்த இடது கை தானாக முன்னால் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. மடிப்பெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுந்தது. முதலாளியம்மா முதலில் சிரித்தார். நாலைந்து மடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வரியா?" என்றார்.

போனாள். மறுநாளும் போனாள். தினமும் காலையில் போய் மதியத்துக்கு மேல் வருகிற வேலையாகிவிட்டது. அத்தானிடம் என் பெண்ணைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவைத்தாள். என் பெண் காலையில் பிளே ஸ்கூலுக்குப் போய்விடுவது அத்தானுக்குத் தெரியாது.

"ஏன்க்கா மறைக்கணும்? வேலைக்குப் போறது தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பில்லடி. சொன்னா வந்துடுவாரு, குச்சியோட." நகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். "நேத்துக் கதவிடுக்கு வழியா பாத்தேன். ஒரு பொம்பள, நான் மடிச்சத எடுத்தா. பிச்சுப் பாக்கல, மோந்து பாக்கல, அப்படியே வாயில போட்டுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டா. என் கையால பண்ணினத யாராவது அப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்லடி."

அந்த இடம் அவளுக்கு என்ன என்று புரிந்துபோயிற்று. அதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று முடிவுசெய்துகொண்டேன்.

சொல்ல வேண்டியும் வந்தது. அத்தானுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "உன் தலையில எள்ளெண்ணெய் வாசனை வருதே? இஞ்சி வாசனையும் வருது. எந்தக் கடைக்குப் போற?" என்று கேட்டிருக்கிறார். வேறு புருஷனாக இருந்தால் எதை எதையோ சந்தேகப்பட்டிருப்பான். இவருக்கு வந்த சந்தேகம், தன்னை விட்டுவிட்டு, தான் சோதிக்காத கடையில், அக்கா தனியாக டிம் சம் சாப்பிடுகிறாள் என்பது. அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. நகக்கண்ணில் மாவைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, குழந்தைக்கு மாவில் பொம்மை செய்து கொடுத்ததாக நான் சொல்லிச் சமாளித்தேன். உடனே என் பெண்ணை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"செல்லம், பெரியம்மா என்ன பொம்ம செஞ்சாங்க?"

"பெரியம்மா வரல."

"அவ தூங்கிட்டா அத்தான்! இவ எந்திரிக்கறதுக்குள்ள அக்கா கெளம்பிட்டா" என்றேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். புகார் போனில் எவ்வளவோ பேரைச் சமாளித்தவள் நான், இந்த மனிதரிடம் குரல் கம்மிற்று.

அந்தச் சமயத்தில் அத்தான் வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ஒரு வாரம் வெளியூர். அந்த வாரத்துக்கும் சேர்த்து அக்கா முன்கூட்டியே மடித்து, பச்சைக் கதவுக் கடை ஃப்ரீசரில் ட்ரே ட்ரேயாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மிச்சம் சில ட்ரே இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அந்த ஃப்ரீசர் நின்றுபோயிற்று. கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் போக, கம்பெனி அனுப்பிய ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் அக்கா கிளம்பிய பிறகு அத்தான் பின்சந்து வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார். முதலாளியம்மாவுக்கு அவர் யார் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வந்ததும் வராததுமாக, "பச்சைக் கதவுக் கடைக்குப் போயிருந்தேன்" என்றார். என் கையிலிருந்த டம்ளர் நழுவி, காபி மடியில் கொட்டியது. அக்கா அவருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"ஃப்ரீசர்ல ட்ரே ட்ரேயா அடுக்கி வச்சிருக்காங்க. எல்லாம் ஒரே அளவு. ஃபேக்டரி சரக்கு."

"கையால மடிச்சும் வச்சிருக்கலாமே" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் ஆதாரம் இருக்கு." போனில் எடுத்த படத்தைப் பெரிசாக்கிக் காட்டினார். "மடிப்பு எந்தப் பக்கம் சாயுது பாரு. ஊருல எல்லாக் கடையிலயும் இந்தப் பக்கம் சாயும். இங்க மட்டும் எதிர்ப்பக்கம். அதுவும் ஒண்ணுகூட மாறாம. மனுஷக் கை இப்படி மடிக்குமா? மெஷின திருப்பி மாட்டியிருக்கானுங்க!"

அவர் மூக்குக்கு நேரே, அவருடைய சட்டையில், என் அக்காவின் இடது கை ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வார்த்தையில் அது நின்றுவிட்டது.

"குரூப்ல போட்டுட்டேன். படத்தோட. வேண்டாம்னு."

அதற்கப்புறம் நடந்ததை அக்கா தினமும் போனில் சொன்னாள். முதல் வாரம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமையிலேயே பாதி மேஜை காலி. யாரோ ஒருவர் சாப்பிட வந்து, கூடையைத் திறந்து, மடிப்பைப் பார்த்துவிட்டு, "மெஷின்தான்" என்று எழுந்து போயிருக்கிறார். முதலாளியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஃபேக்டரி சரக்குன்னு சொல்லிட்டுத்தான் போறாங்கன்னா, நான் எதுக்கு ஆள் வச்சு மடிக்கணும்? ஃபேக்டரி சரக்கையே வாங்கிப் போட்டுட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டாராம். ஃபேக்டரி ஏஜென்ட் வந்து சாம்பிள் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"அத்தான்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்க்கா."

"வேண்டாம்டி." அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. "சொன்னா அவரு நல்லவரு, உடனே மாத்திப் போடுவாரு. அப்புறம் என்ன ஆகும்? தினம் வீட்டுக்கு வந்ததும், கைய கழுவினியா, இறால் எங்க வாங்கினாங்க, மாவு எப்ப பெசஞ்சதுன்னு கேப்பாரு. அந்த எடமும் இந்த வீடு மாதிரி ஆயிடும். அதுக்கு வேலை போனாலே தேவலை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் போன் செய்த ஒரு பயணியிடம், உங்க பஸ் வந்தா என்ன வராட்டா என்ன என்று கேட்டுவிட்டேன். சொல்லக்கூடாது என்றுதானே அக்கா சொன்னாள், கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று சொல்லவில்லையே. அத்தானைப் பிடித்தேன்.

"மெஷின் மெஷின்னு சொல்றீங்களே, மெஷினக் கண்ணால பாத்தீங்களா?"

"ட்ரேயப் பாத்தேனே."

"ட்ரேயத்தான் பாத்தீங்க. மெஷினப் பாக்கல. பாக்காமலே ஒரு கடைய மூட வெச்சுட்டீங்களோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

சந்தேகம் என்ற வார்த்தையை அவரிடமே சொன்னால் என்ன ஆகும்? அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே லீவு போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பச்சைக் கதவுக் கடைக்குப் போனோம். வழக்கம்போல முதலில் பின்சந்து. குப்பைத் தொட்டியில் மாவு மூட்டைக் காகிதம், இறால் தோல், இஞ்சித் தோல். ஃபேக்டரி அட்டைப்பெட்டி ஒன்றுகூட இல்லை. அத்தான் தலையை ஆட்டினார். "கில்லாடிங்க. பெட்டிய வேற எங்கேயோ கொண்டுபோய்ப் போடறாங்க." இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். இந்த மனிதரிடம் ஒரு கடை எப்படித்தான் தப்பிக்கும்?

உள்ளே ஒரு மேஜையில் மட்டும் ஆள் இருந்தது. ஒரு கூடை வாங்கினோம். குச்சியை எடுத்துக் குத்தினார். இறால் வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மடிப்பைக் குச்சியால் தொட்டுக் காட்டி, "பாத்தியா, அதே எதிர்ப்பக்கம்" என்றார். முதலாளியம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க மெஷினக் கொஞ்சம் காட்டறீங்களா?"

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தட்டில் கிழிந்து கிடந்ததைப் பார்த்தார். ஃப்ரீசர் பார்க்க வந்த ஆள் என்பது நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

"படம் புடிச்சுப் போட்டது நீங்கதானா?"

"ஆமா. தப்பா இருந்தா காட்டுங்க, நானே மாத்திப் போடறேன்."

"வாங்க" என்று முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

சமையலறையில் ஆவி மண்டிக் கிடந்தது. ஓரமாக ஒரு நீள மேஜை, மேலே குழல் விளக்கு. தலைக்குத் துணித்தொப்பி போட்டுக்கொண்டு அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கைவிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மடிப்பு, மடிப்பு, மடிப்பு, ஒரு கிள்ளு. ட்ரேயில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"இதுதாங்க மெஷின்" என்றார் முதலாளியம்மா. "எதிர்ப்பக்கம் ஓடற மெஷின். நல்லாப் பாத்துக்குங்க."

அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அத்தானைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, கையில் பாதி மடித்தது அப்படியே இருந்தது.

இங்கே என்ன செய்கிறாய் என்று அத்தான் கேட்பார் என்று நினைத்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ... இடது கையா?"

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவர் பாத்திரத்தைப் பார்த்தாரே தவிர அதை நீட்டிய கையைப் பார்க்கவில்லை. அது அவருக்கே உறைத்துவிட்டது, முகம் செத்துப்போயிற்று. என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை, பாவமாக இருந்தது.

முதலாளியம்மா விடவில்லை. அக்கா அப்போது மடித்ததையே ஆவியில் வைத்து ஒரு கூடை கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தார். அக்கா சமையலறைக் கதவில் வந்து நின்றாள். அத்தானின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. டப்பாவைத் தொட்டது. எங்கள் மூன்று பேரின் கண்ணும் அந்தக் கையின் மேல்தான்.

கையை வெளியே எடுத்தார், வெறுங்கையாக. ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

குத்தி ஆறவைத்தே சாப்பிட்டுப் பழகிய மனிதர். உள்ளே சாறு கொதிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நாக்கு வெந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் முடியாமல் அவர் பட்ட பாடு இருக்கிறதே! அக்கா தண்ணீர் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். அந்தக் கண்ணீர் முழுக்கச் சூட்டால் வந்ததுதானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அன்றைக்கே குரூப்பில் போட்டார். 'தவறு என்னுடையது. கையால் மடித்தது. மடித்தது என் மனைவி. போகலாம்.' இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். எங்கே முடிந்தது? அவரிடம் பாடம் படித்த கூட்டமல்லவா அது. 'ஓ, வீட்டம்மா வேலை பாக்குற கடையா, அப்ப சரிதான்' என்று ஒருவர் போட்டார். 'திடீர்னு போகலாம்னா எப்படி? உள்ள ஏதோ இருக்கு' என்று இன்னொருவர். 'கைமடிப்புக்கு என்ன ஆதாரம்? வீடியோ இருக்கா?' என்று அபார்ட்மென்ட் செயலாளர். அத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

"உன்ன ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு மடிக்கச் சொன்னா நம்புவாங்க" என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்னைக் காட்சிப் பொருளா வைக்கப் போறீங்களா? ஒருத்தரும் ஆராய்ச்சி பண்ணாத எடம்னுதான் நான் அங்க போனேன்" என்றாள் அக்கா. முதலாளியம்மா மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைக் கதவுக் கடையில், தெருவைப் பார்த்த ஜன்னல் மேஜையில், அத்தானே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பின்சந்துக்குப் போகவில்லை. கூடை கூடையாக வரவழைத்து, ஊதி ஊதி, முழுசு முழுசாகச் சாப்பிட்டார். குச்சி டப்பா இல்லாத சட்டைப் பை மொட்டையாகத் தெரிந்தது. மதியம் கிளம்பிப் போய், சாயங்காலம் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் வேன் டிரைவர். தெருவோடு போனவர் கண்ணாடிக்கு வெளியே நின்று உற்றுப் பார்த்தார். உள்ளே வந்து அத்தானின் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, குச்சி எங்க?"

"எடுத்துட்டு வரல."

"குத்தாமலா சாப்பிடறீங்க? நீங்களா?" எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப எனக்கும் ரெண்டு கூடை சொல்லுங்க."

டிரைவர் சும்மா இருப்பாரா? படம் பிடித்துப் போட்டுவிட்டார். அத்தான் கன்னம் உப்ப, கண்ணில் நீரோடு, குத்தாத டிம் சம்மோடு இருக்கிற படம். அவர் எழுதியதை நம்பாத அந்தக் கூட்டம் இதை நம்பிவிட்டது. ஊரிலேயே பெரிய சந்தேகப் பிராணி பிரித்துப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்கிறான் என்றால் அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அடுத்த வாரம் அபார்ட்மென்ட் செயலாளர் குடும்பத்தோடு வந்தார். வாசலில் ஆட்கள் நின்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஃபேக்டரி ஏஜென்ட் மறுபடி வந்தபோது, முதலாளியம்மா அவனுக்கும் ஒரு கூடை கொடுத்துச் சாப்பிட வைத்து, சாம்பிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனால் அக்கா இறங்கி வரவில்லை. தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், தட்டில் போட்டாள், அவ்வளவுதான். கடைக்குள் அத்தான் சாப்பிடும்போது கதவிடுக்கு வழியாகப் பார்க்கவும் மாட்டாள். என்னிடம் மட்டும் போனில் கேட்பாள்: "பிச்சுப் பாத்தாரா?" இல்லை என்பேன். நம்ப மாட்டாள். "நீ பாக்காதப்ப பாத்திருப்பாரு" என்பாள். இந்தச் சந்தேக நோய் ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அத்தான் மூடியைத் திறந்தார். அவர் குனியவில்லை. மூக்கைக் கொண்டுபோகவில்லை. கரண்டியால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, பிசைந்து, தன் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தார். எண்ணெயைப் பற்றிப் பேச்சில்லை, நேற்று வைத்ததா என்ற கேள்வியில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இடது கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் முகத்தையே ஆராய்ந்தாள்.

"என்னங்க, ஏதாவது தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீங்களா?"

அத்தான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். நெற்றியில் இருந்த அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார்.